நூல்கண்டு பார்த்த மனை

என் மனைவியின் முட்டு வலிக்குக் காரணம் எங்கள் வீட்டு ஏணி. தாராவியில் எங்கள் வீடு பத்தடிக்குப் பதினைந்தடி. கீழே என் தையல் கடை, மேலே தகரக் கூரைக்கடியில் குடித்தனம், நடுவில் சுவரோடு ஒட்டி நிற்கும் இரும்பு ஏணி. அடுப்பு மேலே, தண்ணீர்க் குழாய் கீழே. கல்யாணமான நாள் முதல் குடத்தோடு ஏறி இறங்கியவள், போன வருஷம் பாதி ஏணியில் நின்றுகொண்டு, இனி தன்னால் ஆகாது, ஏற வேண்டாத வீடு ஒன்று பாருங்கள் என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

ஏற வேண்டாத வீடு தேடிக் கிளம்பிய நான் அவளை நேரே மலைக்குக் கூட்டிப்போனேன்.

எல்லாம் அறிவு முற்றியதால் வந்த வினை. மலைப் பக்கம் மனை வாங்குமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்திருந்தேன். மண், தண்ணீர், பாதை, காற்று, சரிவு. கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தேன். சட்டைக்கு அளவு கொடுக்கிறவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதால் ஓட முடியாது.

கர்ஜத் வரை ரயில், அப்புறம் ஆட்டோ. வீடு கட்ட அனுமதி வாங்கிய மனை அது. ரோட்டோரம் கொஞ்சம் சமதளமாகத் தொடங்கி, செங்குத்தாக மேலே போனது. மராட்டிக்காரப் புரோக்கர், வியூ எல்லாம் மேலேதான் என்று இந்தியில் சொல்லி விரலை வானத்துக்கு நீட்டினார். மனைவி அந்த விரலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மாமரத்தடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க ஏறிப் பாத்துட்டு வாங்க. எனக்கு நம்ம ஏணியே போதும்."

மேலே போனதும் எனக்கு மூச்சு இல்லை, ஆனால் வியூ இருந்தது. மண்ணை எடுத்து முகர்ந்தேன். என்ன வாசனை வர வேண்டும் என்று வீடியோவில் சொல்லியிருக்கவில்லை. மண் வாசனைதான் வந்தது. நல்ல மண் என்று தலையாட்டினேன். பிறகு கழுத்தைத் தடவினால், வழக்கம்போல இஞ்சு டேப் தொங்கிக்கொண்டிருந்தது. மலைக்கு அளவெடுக்க ஆரம்பித்தேன். புரோக்கர் வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், தூசி விழுந்துவிட்டதாம்.

அளந்து முடித்து, குச்சியால் வீட்டை வரைந்து காட்டினேன். கழிப்பறையை இவ்வளவு பெரிதாகவா கட்டப்போகிறீர்கள் சேட் என்று புரோக்கர் மரியாதையாகக் கேட்டார். வீடே அதுதான் என்றேன். அப்புறம்தான் எனக்கே உறைத்தது. அச்சு அசலாகப் பத்துக்குப் பதினைந்து. மூலையில் ஏணிகூடப் போட்டிருந்தேன். சுற்றிலும் நிலம் சும்மா கிடக்க, என் கை தாராவியை விட்டு வந்திருக்கவில்லை.

மானத்தைக் காப்பாற்றச் சரிவைச் சோதிக்கலாமென்று, சட்டைப் பையிலிருந்த சிவப்பு நூல்கண்டை எடுத்து, நான் வரைந்த ஹாலின் நடுவில் வைத்தேன். அது ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. ஹாலைத் தாண்டி, வாசலைத் தாண்டி, நூலைப் பிரித்துக்கொண்டே உருண்டது. நுனியைப் பிடித்தபடி நானும் சறுக்கிக்கொண்டே இறங்கினேன். கடைசிப் பகுதியில் கால்களுக்கு வேலையே இருக்கவில்லை.

நூல்கண்டு சமதளத்துக்கு வந்ததும் வேகம் குறைந்து, என் மனைவியின் செருப்பருகே நின்றது.

அவள் அதை எடுத்துத் தூசி தட்டினாள். "இதுக்குத் தெரிஞ்சிருக்கு, எங்கன நிக்கணும்னு. மேல அப்படி என்ன இருக்கு?"

"வியூ."

"மலை மேல போய் நின்னா மலை எங்கன தெரியும்? இங்கன இருந்து பாருங்க."

அண்ணாந்து பார்த்தேன். முழு மலையும் தெரிந்தது. பின்னாலேயே இறங்கி வந்த புரோக்கர் பதறி, அது கார் நிறுத்தும் இடம் என்றார். எங்களிடம் கார் இல்லை என்றேன். ஆனால் என் அறிவு அடங்கவில்லை. தாழ்வான இடம், மழைக்குத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும் என்றேன்.

"வராது. நீங்க மண்ண மோந்துக்கிட்டு இருக்கும்போதே பாத்துட்டேன்." பக்கத்து மாட்டுத் தொழுவத்தைக் காட்டினாள். போன வருஷத்து வைக்கோல் தரையிலேயே கிடந்தது, அடியில் கறுக்கவில்லை. சுவரிலும் தண்ணீர்க் கறை இல்லை. "தண்ணி வார ஊர்ல எவன் வைக்கோலத் தரையில போடுவான்? நம்ம மெஷினே செங்கல் மேலதானே நிக்கி?"

நான் அவள் காலடியிலேயே மறுபடியும் வரைந்தேன். இன்னும் தள்ளிப் போடுங்க, இன்னும் கொஞ்சம் என்று அவள் சொல்லச் சொல்ல, டேப்பை நீட்டி நீட்டி வீடு அகலமானது. முடித்து நிமிர்ந்தேன். அவள் கல்லிலிருந்து மெல்ல எழுந்து, ஹாலுக்குள் நடந்து, மூலைக்குப் போனாள். பழக்க தோஷத்தில் அங்கேயும் ஓர் ஏணி போட்டிருந்தேன்.

செருப்புக் காலால் அதை மட்டும் தேய்த்து அழித்துவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தாள்.