சுங்குவார்சத்திரம் வரைக்கும் உயிர்

“நான் கட்டுப் போட்ட தீக்காயம் ஒண்ணுகூட இந்த ஊர்ல பொணமானதில்லபா. வேணும்னா விசாரிச்சிப் பாரு.”

ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் ராஜவேலு இப்படி அறிவிக்கும்போது மறுத்துப் பேச ஆள் இருக்காது. மறுக்கக்கூடியவர்கள் எல்லாரும் மெட்ராஸ் ரோட்டில் சுங்குவார்சத்திரம் தாண்டிப் போய்விட்டவர்கள்.

நெசவாளர்கள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில் பிறந்தும் தறி கைக்கு வராமல், ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் வேலையில் சேர்ந்தவர் ராஜவேலு. பட்டு ஊரில் தீக்காயத்துக்குப் பஞ்சமில்லை. சாயப்பட்டறையில் அண்டா கவிழும். வீடுகளில் ஸ்டவ் வெடிக்கும். அதுவும் மாமியார் கோயிலுக்குப் போய், மருமகள் தனியாக நிற்கும் நேரம் பார்த்து வெடிக்கும் புத்திசாலி ஸ்டவ்கள். எல்லாரையும் வாழையிலையில் கிடத்தி மருந்து தடவுவார். பிழைக்கிறவர் பிழைத்துக்கொள்வார். பிழைக்காதவர் விஷயத்தில்தான் ராஜவேலுவின் திறமை இருந்தது. வலியில் கத்திக்கொண்டிருந்தவர் சத்தம் அடங்கித் தண்ணீர் மட்டும் கேட்க ஆரம்பித்தால், டாக்டர் ராஜகோபாலுக்கு ஜாடை காட்டுவார். “மேல்சிகிச்சைக்கு மெட்ராஸ்” என்பார் டாக்டர். டிரைவர் பழனி ஆஸ்பத்திரி வேனைக் கிளப்புவான். உயிர் வழியில், சுங்குவார்சத்திரம் பக்கம் போகும். சாவு மெட்ராஸ் ரோட்டைச் சேர்ந்தது, ஆஸ்பத்திரி சுத்தம். இந்தச் சாதனைக்காக ஆண்டு விழாவில் டாக்டருக்கு மாலை விழுந்தது, ராஜவேலுவுக்கு ஒரு துண்டு.

எழுபத்தொன்றாம் வருஷம் வடிவு வந்தாள். பட்டு நூலைச் சோப்புத் தண்ணீரில் வேகவைக்கும் பட்டறையில் கூலி. கொதித்த அண்டா சரிந்து, கழுத்துக்குக் கீழே மிச்சமில்லை. முதலாளி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை அனுப்பித் தன் கடமையை முடித்துக்கொண்டார். ஒரு மத்தியானம் அவள் கத்தல் நின்றது. தண்ணீர் கேட்டாள்.

ஜாடை போயிற்று. வேன் வாசலுக்கு வந்தது.

“என்னைத் தூக்காதண்ணா,” என்றாள் வடிவு. “ஓரிக்கையிலேர்ந்து எம்மவ அம்சா வந்துக்கினு இருக்கா. அவ மொகத்தைப் பாத்துக்கிறேன்.”

“மெட்ராஸ்ல நல்லா பாப்பாங்கமா.”

“இங்கேர்ந்து ஏத்திக்கினு போனவ எவளாச்சும் திரும்பி வந்தாளா, சொல்லு.”

டீக்கடையில் யாரும் விசாரிக்காததை வாழையிலையில் கிடந்தவள் விசாரித்துவிட்டாள். ராஜவேலு வெளியே போனார். வேனுக்குப் பின்னால் குந்தி, கட்டு வெட்டும் கத்தரிக்கோல் முனையால் டயர் காற்றைப் பிடுங்கிவிட்டார்.

“இன்னாண்ணா இது? உன் வேலைக்கே வேட்டு வச்சுக்கிற,” என்றான் பழனி.

“டீ குடிச்சியா? போய் குடிச்சிட்டு மெதுவா வாபா.”

அம்சா வெயிலில் நடந்தே வந்து சேர்ந்தாள். அம்மாவைத் தொட இடம் தேடித் தேடி, கடைசியில் நெற்றியில் கை வைத்தாள். வடிவு அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பார்வை மட்டும் அங்கேயே நின்றது.

டாக்டர் வாசற்படியில் வந்து கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னும் ஏத்தலையா?”

ராஜவேலு வெள்ளைத் துணியை மேலே இழுத்துவிட்டார்.

“ஏத்த வேணாம் சார். இங்கதான். என் கையிலதான்.”