எல்லாம் சேலைன்தான் என்று நினைத்திருந்தேன்

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பெரிய வெள்ளிக்கிழமை. அப்போது விடத்தல்தீவில் இருந்தோம். என் கணவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. ஒருசந்தி என்று காலையில் ஒன்றும் சாப்பிடாதவர், சீனிக் குளிசையை மட்டும் தண்ணீரோடு விழுங்கியிருக்கிறார். குளிசை சாப்பாட்டில் சேராதாம்! கோயில் வாசலிலேயே சுருண்டு விழுந்தார்.

பக்கத்து மருந்தகத்தில் ஒரு போத்தல் ஏற்றியதும் கண் திறந்தார். மன்னாருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வெறும் போத்தல் வீட்டில் எதற்காவது உதவும் என்று கேட்டு வாங்கிப் பைக்குள் வைத்தேன். என்ன ஏற்றினார்கள் என்று எழுதித் தந்த துண்டை மறந்து மேசையிலேயே விட்டுவிட்டேன். என் புத்தி அப்படி.

மன்னார் ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார், "அங்க என்ன ஏத்தினவை?"

"சேலைன்தான் டொக்டர்."

விரலில் குத்திப் பார்த்தார்கள், சீனி சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு மணித்தியாலத்தில் இவருக்குச் சட்டை நனைய வியர்த்தது. என்னைத் தன் தங்கையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சீனி சரியென்றால் மூளையில் ஏதும் அடைப்போ, யாழ்ப்பாணம் அனுப்புவதோ என்று டொக்டரும் தாதியும் கதைத்தார்கள். எனக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை.

இவர் முகம் துடைக்கப் பைக்குள்ளிருந்து துவாயை இழுத்தேன். போத்தல் உருண்டு விழுந்தது. டொக்டர் எடுத்து வாசித்தார்.

"அம்மா, இது சேலைன் இல்லை. சேலைன் உப்புத் தண்ணி. இது டெக்ஸ்ட்ரோஸ், சீனித் தண்ணி."

"சீனி வருத்தக்காரனுக்குச் சீனித் தண்ணியோ?"

"அங்க சீனி நல்லா இறங்கியிருக்கு, அதுதான் ஏத்தியிருக்கினம். வந்தவுடன சீனி சரியா இருந்தது இந்தத் தண்ணியாலதான். குளிசை இன்னும் வேலை செய்யுது. திரும்ப இறங்குது போல."

மறுபடி குத்திப் பார்த்தார்கள். அவர் சொன்னதுபோலவே சீனி இறங்கியிருந்தது. கையில் திரும்பவும் சீனித் தண்ணி ஏற்றிக் கொஞ்ச நேரத்தில் இவர் என்னைப் பார்த்து, "ஏனப்பா அழுறீர்? என்ர ஒருசந்தி முறிஞ்சு போச்சோ?" என்றார். அடிப்பதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

எங்கள் ஊரில் கம்பியில் தொங்கும் போத்தல் எல்லாமே சேலைன்தான். அதற்கு ஏன் எல்லாரும் ஒரே பெயர் வைத்தோம் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. இப்போது யாருக்கு என்ன ஏற்றினாலும் எழுத்துக் கூட்டி வாசித்துத் துண்டில் எழுதி வைக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருந்தால், அன்று அவர் என்னை மறந்திருக்க வேண்டியதில்லை.