கரப்பான் அக்காவின் இருபது ஊசிகள்

செருப்பைக் கதவுக்கு வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார் கரப்பான் அக்கா. பூச்சி ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். "தொம்முதொம்முன்னு நடந்தா என் பிள்ளைங்க மிரண்டுடும்" என்பார். துறைத் தலைவரானாலும் அவர் முன்னால் வெறுங்காலோடுதான் நிற்க வேண்டும்.

கரப்பானைக் குளிரில் மயக்கிப் பலகையில் மல்லாக்கப் படுக்கவைப்பார். அசையாதபடி சுற்றிலும் ஊசிகளை நட்டு, காலுக்குள் முடியைவிட மெல்லிய இரண்டு கம்பிகளைச் செருகுவார். அந்தக் காலின் ஓட்டில் கண்ணுக்கே தெரியாத குட்டி மேடுகள் உண்டு. கால் ஊன்றும்போது ஓடு துளி வளையும். மேடு உடனே நரம்புக்குச் சொல்லிவிடும். அக்கா ஒற்றை மயிர் ஒட்டிய குச்சியால் காலை லேசாக அழுத்துவார். நரம்பின் துடிப்பு கம்பி வழியே போய் ஒலிபெருக்கியில் படபடவென்று பொரியும்.

"பார்த்தியா ரோஷத்தை! ஒரு முடி பட்டாக்கூடப் பொறுக்காது" என்று பெற்றவள் மாதிரி பூரித்துப்போவார்.

மாலையில் ஊசிகளை எண்ணாமல் கிளம்பமாட்டார். அன்று இருபதுக்குப் பத்தொன்பதுதான் இருந்தது. பலகைக்கு அடியிலும் இல்லை, மேசை இழுப்பறையிலும் இல்லை. ஆய்வு மாணவி வசமாக மாட்டிக்கொண்டாள்.

"காலையில ஊசித் தட்டைக் கவுத்தது நீதானே? கூண்டுக்குள்ள விழுந்து கிடந்தா என் பிள்ளைங்க காலு என்னாகும்?"

மாணவி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா தேடிப்போன வழியெல்லாம் சிவப்புப் பொட்டுகள்.

"அக்கா... உங்க கால்."

அக்கா முக்காலியில் உட்கார்ந்து வலது பாதத்தைத் திருப்பினார். பெருவிரலுக்குக் கீழே ஊசி கொண்டைவரை இறங்கியிருந்தது. காலையிலிருந்து அதன்மேல்தான் நடந்திருக்கிறார்.

"வலிக்கலையாக்கா?"

"இல்லையே, பாப்பா."

பன்னிரண்டு வருடச் சர்க்கரை. கால் மரத்துப்போவதை, "நின்னு நின்னு வேலை பார்க்கிறோம், அதான்" என்று ஒதுக்கித் தள்ளியவர். இப்படியே விட்டால் காலையே எடுக்கவேண்டி வரும் என்று போன வருடமே டாக்டர் சொல்லியிருந்தார். அது இன்றைக்குத்தான் காதில் விழுந்ததுபோல் அக்காவின் முகம் வெளிறியது.

"அசையாதீங்க, வண்டி கூப்பிடுறேன்" என்று மாணவி வெளியே ஓடினாள்.

அக்கா மேசையிலிருந்த மயிர்க்குச்சியை எடுத்தார். காயம்படாத இடது காலைத் தூக்கி மடிமேல் வைத்து, உள்ளங்காலில் அழுத்தினார். மயிர் வளைந்தது. இன்னும் அழுத்தினார். பிறகு தலையைத் திருப்பி, ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் அழுத்தினார்.