செத்த கிருமியோடு சண்டை

பாஞ்சாலிக்குத் தொழுநோய் குணமாகிவிட்டது என்று விழுப்புரத்து டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது 1986 ஐப்பசியில். அந்தச் சீட்டுக்காகத்தான் இரண்டு வருஷம் விடாமல் மாத்திரை தின்றாள். முதல் தேமலைக் கண்டதுமே புருஷன் அவளைப் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டான், மகராசன். திண்டிவனத்தில் அண்ணன் துரைக்கண்ணு சேர்த்துக்கொண்டான். ஆனால் படுக்கை கொட்டகையில், தட்டு தனி.

சீட்டைப் பார்த்த அண்ணி கிருஷ்ணவேணி, "சரி, உள்ள வந்து சாப்புடு" என்றாள். பாஞ்சாலி அன்று அடுப்படியில் உட்கார்ந்தாள். அண்ணன் பிள்ளைகள் இடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அழுகை வந்துவிட்டது. மிளகாய்க் காரம் என்று சமாளித்தாள்.

கார்த்திகையில் பழைய தேமல் சிவந்து வீங்கியது. முழங்கை நரம்பு தொட்டாலே சுரீரென்றது. ஆஸ்பத்திரிக்குப் போனால் மறுபடி மாத்திரை, மறுபடி கொட்டகை. அந்தப் பயத்தில் வாயே திறக்கவில்லை, பைத்தியக்காரி. முந்தானையால் கையை மூடிக்கொண்டு மல்லாட்டை உடைத்து வேர்க்கடலை எடுத்தாள். சித்திரையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கியபடியே நின்றுவிட்டன. அதை எந்த முந்தானை மறைக்கும்? அண்ணி தட்டை வெளியே எடுத்து வைத்தாள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமாக விழுப்புரம் பஸ் ஏறினாள். டாக்டரம்மா முழங்கையைத் தடவிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"வியாதி திரும்பலைம்மா. கிருமி எப்பவோ செத்துப்போச்சு. அது செத்தது தெரியாம உன் வெள்ளை அணு இன்னும் சண்டை போடுது. என்சைம்னு ஒரு சாறு விடும். கிருமியைக் கரைக்க வந்த சாறு உன் நரம்பையும் சேர்த்துக் கரைச்சிடுச்சு. வீங்கினப்பவே வந்திருந்தா மாத்திரையில அடக்கியிருப்பேன். இனிமே விரல் நிமிருமான்னு சொல்ல முடியாது."

"அப்ப என்னால யாருக்கும் ஒட்டாதுங்களே?"

"ஒட்டாது. நீ குணமானவதான்."

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து இடம் காலியாகவே வந்தது. அடுப்படியில் தின்ற ஆறு மாதச் சோறு இரண்டு விரலைத் தின்றுவிட்டது, அந்தச் சோறும் நிலைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து டாக்டரம்மா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். அண்ணி கேட்டுக்கொண்டே தட்டை வாசலுக்கு வெளியே தள்ளினாள்.

"என் ஒடம்பு செத்த கிருமியோட சண்ட போட்டுக்கினு இருக்குதாம், அண்ணி. நீங்க எதோட போடுறீங்க?"

அண்ணி கரண்டி தட்டில் படாமல் உயரத்திலிருந்து குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போனாள். பாஞ்சாலி மடங்காத மூன்று விரலால் சோற்றைப் பிசைந்து தனியாகச் சாப்பிட்டாள்.