துவக்கு பைக்குள் இருக்கிறது

நான் செய்த முட்டாள்தனங்களை உயர வரிசையில் நிறுத்தினால், இதுதான் எல்லாவற்றுக்கும் மேலே தலை நீட்டிக்கொண்டு நிற்கும். ஓடுகிற பஸ். மடியில் பை. பைக்குள் ரிவோல்வர். காதில் போன். வாய்க்கு மட்டும் பூட்டு இல்லை.

மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். விளையாட்டும் என் தலையில்தான். ஓடத் தெரிந்தவன் என்பதால் அல்ல. பொறுப்பு யாருக்கு என்று கேட்ட கூட்டத்தில் எல்லோரும் தலை குனிந்தபோது நான் மட்டும் பகிடி விட்டுச் சிரித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததால். வருடா வருடம் இரண்டு பலகைகளைப் படாரென்று தட்டித்தான் ஓட்டப் போட்டியைத் தொடங்குவோம். போன வருடம் ஒரு பலகை பிளந்து பாதி என் நெற்றியில் விழுந்தது. பிள்ளைகள் ஓடவில்லை, நின்று சிரித்தார்கள்.

அந்தக் கதையைக் கேட்டுத்தான், இத்தாலியில் வேலை செய்யும் என் மச்சினன் லீவில் வந்தபோது அதைக் கையில் கொடுத்தான். கரிமருந்தை இடித்து நிரப்பிச் சுட்ட காலத்து ரிவோல்வரின் நகல். முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். குழலின் வாயை உலோகம் வார்த்து அடைத்திருந்தார்கள். அதிலிருந்து ஒரு கடுகு கூட வெளியே போகாது. ஆனால் சுத்தியல் விழும் இடத்தில் ஒரு பொட்டு வெடியை வைத்தால் சத்தம் மட்டும் வரும்.

"எயார்போர்ட்ல ஒண்ணும் கேக்கலையா?" என்றேன்.

"கேட்டாங்க மச்சான். ஷோ கேஸ்ல வைக்கிற சாமான்னேன். விட்டுட்டாங்க."

"பேப்பர் ஏதும் குடுத்தாங்களா?"

"விட்டதே பெரிசு. பேப்பர் வேற கேக்கிறீங்களா?"

பயம் அங்கே பிடித்தது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் அதைத் துடைத்து, கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தரம் பார்த்தும் விட்டேன். கண்ணாடியில் தெரிந்தவன் கொள்ளைக்காரன் மாதிரி இல்லை, கொள்ளை போனவன் மாதிரி இருந்தான்.

பார்க்கத்தான் வெள்ளிக் கிண்ணம் போல. உள்ளே எல்லாம் சொரசொரப்பு. விசையை அமுக்க இரண்டு விரல் வேண்டும். குண்டு போடும் சில்லு, கல்யாண வீட்டில் உட்காரக் கதிரை தேடும் ஆள் போல, நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தது. சுத்தியலோ வெடியைத் தட்டவில்லை, தடவிக் கொடுத்தது.

பசறையில் என் வீட்டு மேசையில் பத்திரிகையை விரித்து அதைக் கழற்றினேன். முதல் ஆணியிலேயே ஒரு ஸ்பிரிங் பறந்து போய் சாமி படத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"அதுக்கே பயமா இருக்கு, பாருங்க," என்றாள் மனைவி. "ஏங்க, இத பொலிஸ்ல ஒரு வார்த்த சொல்லிட்டு வச்சிக்கிட்டா என்ன?"

"போட்டி முடியட்டும், சொல்லுவோம்."

"புடிச்ச பெறகு சொல்றதுக்குப் பேரு வேற."

உராயும் இடங்களைப் பற்பசை போட்டுத் தேய்த்தேன். தையல் மெசின் எண்ணெய் விட்டேன். ஸ்பிரிங்கை மாற்றி மாற்றிப் பூட்டினேன். ஒரு வாரம் போனபின் சில்லு 'டிக்' என்று ஒழுங்காக நின்றது. சோதித்துப் பார்க்கக் கதவு சன்னலெல்லாம் சாத்தி, டீவி சத்தத்தைக் கூட்டி, பொட்டு வெடி வைத்து அமுக்கினேன். அது வெடித்ததைவிட என் நெஞ்சு பெரிதாக வெடித்தது. உடனே பக்கத்து வீட்டம்மா வேலிக்கு வந்துவிட்டார்.

"மாஸ்டர், ஒங்க வீட்டு கேஸ் சிலிண்டரா வெடிச்சிச்சு?"

"இல்லைங்க. அப்பளம்," என்றேன்.

அவர் நம்பவில்லை. நானும்தான். அன்றிலிருந்து வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றாலே பொலிஸ் என்று எண்ணிக் கை கழுவப் போய்விடுவேன். தமிழ்ப் பெயர் உள்ள அடையாள அட்டையும் துப்பாக்கி வடிவத்தில் ஒரு சாமானும் ஒரே பையில் இருந்தால் அது என்ன கணக்கு என்பதை எனக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. ஒன்றுமே இல்லாத பைக்காக உள்ளே போய், வருடங்கள் கழித்து வந்தவர்களை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். உள்ளே போனால் வேலை போகும். வேலை போனால் வீடும் போகும். இதையெல்லாம் யோசித்துக்கொண்டே எண்ணெயும் விட்டுக்கொண்டிருந்தேன். புத்தி ஒரு பக்கம், கை ஒரு பக்கம்.

எங்கள் அதிபர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி. நாங்கள் துப்பாக்கி என்பதை அவர் துவக்கு என்பார். நாங்கள் ஆரம்பிக்கிறோம், அவர் துவக்குவார். அவரோடு பேசும்போது பாதி மரியாதையில், பாதி குறும்பில், என் நாக்கும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். சிங்களத்திலும் துப்பாக்கிக்குக் கிட்டத்தட்ட அதே சொல்தான். இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தது வேண்டிய நேரத்தில் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

போட்டிக்கு முதல் நாள் அதைத் துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்து, பசறையில் பஸ் ஏறினேன். ஏறின நேரம் முதல் பையைக் கைக்குழந்தை போல அணைத்துக்கொண்டிருந்தேன். பாதி வழியில் அதிபரின் அழைப்பு. அந்தப் பாதையில் வளைவுக்கு வளைவு சிக்னல் போய் வரும். ஆகவே எல்லோரும் கத்தித்தான் பேசுவோம்.

"மாஸ்டர், துவக்கு சரியோ?"

"சரி மெடம். துவக்கு பைக்குள்ள இருக்கு. நல்லாத் திருத்திட்டேன். அமுக்கினா ஒரே வெடி."

"காலமை எத்தினை மணிக்குத் துவக்கிறம்?"

"ஏழுக்குத் துவக்கிருவோம் மெடம். முதல்ல சின்னப் பிள்ளைங்க ஆறு பேர். அப்புறம் பெரிய பிள்ளைங்க. வெயில் ஏறுறதுக்குள்ள எல்லாரையும் முடிச்சிருவோம்."

சிக்னல் போனது. பஸ்ஸில் பாட்டும் நின்றிருந்தது. பக்கத்தில் மரக்கறி மூட்டையோடு இருந்த சிங்கள அம்மா மூட்டையை விட்டுவிட்டு இரண்டு சீட் பின்னால் போயிருந்தார். துப்பாக்கியா என்று அங்கிருந்து மெல்லச் சிங்களத்தில் கேட்டார்: "துவக்குவக்த, மஹத்தயா?"

"நே, நே," என்றேன். அந்த 'இல்லை' எனக்கே ஆமாம் மாதிரிக் கேட்டது.

"மாஸ்டர்," என்றான் கொண்டக்டர். தினமும் என்னிடம் பகிடி விடுகிறவன். "பையக் கீழ வைங்க மாஸ்டர்." அவன் குரலில் பகிடி இல்லை. சாரதி கண்ணாடியில் என்னையும் பாதையையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த வளைவில் இருந்த பொலிஸ் காவலரணில், யாரும் மணியடிக்காமலே பஸ் நின்றது.

சார்ஜன்ட் துவாயைப் பிரித்தார். வெயில் பட்டு அது மின்னியது. நான் தேய்த்த தேய்ப்பு அப்படி. மங்கலாகவே விட்டிருந்தால் விளையாட்டுச் சாமான் என்றாவது நினைத்திருப்பார். எனக்குத் தெரிந்த சிங்களத்தையெல்லாம் கொட்டினேன். பாடசாலை, பிள்ளைகள், ஓட்டம், வெடி, நாளை, எல்லோரும், முடிவு. கோவையாக வராத அந்தச் சொற்களைக் கேட்டு ஒரு கான்ஸ்டபிள் எனக்கும் வாசலுக்கும் நடுவில் வந்து நின்றான். மனைவிக்கு யார் போன் எடுப்பார்கள் என்றுதான் யோசித்தேன்.

"தமிழ்ல சொல்லுங்க மாஸ்டர்," என்றார் சார்ஜன்ட், நல்ல தமிழில். "ஒங்க சிங்களத்தக் கேட்டா எனக்கே பயமா இருக்கு."

சொன்னேன். துவக்கு என்றால் தொடங்கு என்றும் அர்த்தம் என்று இலக்கணமே நடத்தினேன். முடிப்பது என்பது போட்டியை என்றேன். அவர் குழலின் அடைப்பில் பேனா முனையைக் குத்திப் பார்த்துவிட்டு, "வெடிங்க பாப்போம்," என்றார்.

வெளியே போய், சட்டைப் பையிலிருந்த பொட்டு வெடியை வைத்தேன். இது வெறும் சத்தக்காரன் என்று காட்ட எனக்கு இருந்த ஒரே சாட்சி அந்தச் சத்தம்தான். அமுக்கினேன். டிக். மறுபடி அமுக்கினேன். டிக். பஸ் சன்னல் முழுக்கத் தலைகள். ஒரு வாரமாக எண்ணெயும் பற்பசையும் குடித்த சனியன் அந்த இடத்தில் ஊமையாகிவிட்டது. வியர்வையில் வெடி நனைந்திருக்க வேண்டும். கையைக் கால்சட்டையில் துடைத்து, வேறொன்று வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன்.

டப்.

காவலரண் வாசலில் படுத்திருந்த நாய் ஒரு காதை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கியது. பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எவ்வளவு இனிமையாக இருந்தது என்று இன்றும் சொல்ல முடியவில்லை.

சார்ஜன்ட் சிரிக்கவில்லை. அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய் மேசை லாச்சிக்குள் வைத்து மூடினார். அனுமதி எடுத்துக்கொண்டு அதிபரோடு வந்து கேட்கும்படி சொன்னார். எனக்கு அதைத் திரும்பப் பார்க்கும் ஆசையே இல்லை. நன்றி சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன், கேட்காமலே என் சேவைக் காலத்தையும் சொன்னேன். போகலாமா, இருக்க வேண்டுமா என்று புரியாமல் வாசலில் நின்று, கடைசியில் கேட்டும் விட்டேன்:

"சேர், அப்ப என் மேல கேஸ் ஒண்ணும் இல்லைதானே? வேலைக்குப் பிரச்சினை வராதுதானே? நாளைக்கு யாரும் வீட்டுக்கு வரமாட்டாங்கதானே?"

அவர் தலையைத் தூக்கவில்லை.

"பஸ் நிக்குது, போங்க."