பெயிண்ட் அடித்த பிரசவ அறை

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த அரசுப் பணத்தில் ஒரு ரூபாயைக்கூட யாரும் திருடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருடியிருந்தால் புகாராவது எழுதிப் போட்டிருப்பேன்.

முட்டத்துக்கு அப்பால் ஒரு கடற்கரை ஊர். அங்கே நான் டாக்டர். மழைக்காலத்தில் ஒரு தென்னை மட்டை கம்பியில் விழுந்தால் போதும், கரண்ட் போய்விடும். ஜெனரேட்டர் இல்லாததால் பிரசவ அறையைப் பூட்டியே வைத்திருந்தோம். வலி கண்ட பெண்களை நாகர்கோவிலுக்கு அனுப்புவோம். மீன் விற்கும் அக்கா ஒருத்தியின் மகளுக்கு முதல் பிரசவம் அப்படிப் போகும் வழியில் ஆட்டோவிலேயே நடந்தது. குழந்தை தங்கவில்லை. மகள் மறுபடி உண்டானதும் அக்கா என்னைத் தேடி வந்தாள்.

"கோயில் காரியத்துக்கு ஒருநாள் பாடு ஒதுக்குவோம்லா டாக்டரே, அதுபோல ஜெனரேட்டருக்கும் ஒதுக்கலாம்னு ஊர்ல பேசியாச்சு. என்ன சொல்லுதிய?"

ஒருநாள் கடலில் கிடைக்கும் மீன் மொத்தத்தையும் பொதுக்காரியத்துக்கு விட்டுக்கொடுப்பது அங்கே வழக்கம். நான்தான் வேண்டாம் என்றேன். "அரசாங்கப் பைசா வந்தாச்சு அக்கா. நீங்க எதுக்கு வயித்தக் கட்டணும்?"

வந்தும்தான் இருந்தது. இப்போது செக் எல்லாம் கிடையாது. மாவட்ட அலுவலகத்துக் கணக்கர் பில்லைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார், என் போனுக்கு ஓடிபி வரும், அதைப் போட்டால்தான் பணம் நகரும். எங்களுக்கு நெட் கிடைப்பதில்லை, வெளியே நோயாளிகள் வேறு காத்திருப்பார்கள். அதனால் அவர் போனில் கேட்பார், நான் சொல்லிவிடுவேன். எனக்குத் தெரிந்த டாக்டர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அவரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். என் கல்யாணப் பந்தியில் நின்று பரிமாறியவர்.

மார்ச் கடைசியில் கூப்பிட்டார். "ஓடிபி சொல்லுங்க மேடம், சீக்கிரம்."

"ஜெனரேட்டருக்கா அண்ணே?"

"எல்லாம் உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் மேடம்."

சொன்னேன். அடுத்த வாரம் பெயிண்டர்கள் வந்து இறங்கினார்கள். சுவரெல்லாம் இளம்பச்சை. வாசலில் ஆளுயர எழுத்தில், 'இங்கு இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கப்படும்.'

போனில் கத்தினேன். அவருக்குக் கோபமே வரவில்லை. "டெண்டர் முடியல்ல மேடம். மார்ச் தாண்டினா பைசா திரும்பிப் போயிரும். செலவு பண்ணல்லன்னா மேல உள்ளவங்க நம்மளத்தான் கேப்பாங்க. உங்க பைசாவ நான் காப்பாத்தித் தந்திருக்கேன்."

காப்பாற்றினாராம்! என் வாயாலேயே ஓடிபியை வாங்கி, நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டு, அதற்கு நன்றியும் எதிர்பார்த்தார். கணக்கு சுத்தம், ரசீது சுத்தம், சுவரும் சுத்தம். யாரிடம் போய் என்னவென்று புகார் சொல்வது? ஆனாலும் ஏறாத படி இல்லை. மே முடியும்போது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று கையை விரித்துவிட்டார்கள். அக்காவிடம் சொன்னபோது மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியிருந்தது. படகுகள் கட்டிக் கிடந்தன. ஒதுக்குவதற்குப் பாடே இல்லை.

ஜூன் மாதம், கொட்டுகிற மழையில் ஒரு மத்தியானம், மகளைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தாள். காலையிலேயே கரண்ட் போயிருந்தது. மகளுக்கு இரத்தப்போக்கு வேறு. இருட்டில் தொட எனக்குத் துணிவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். அது வரும்வரை அக்கா அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்போ இத எழுதி வச்சிருக்கது ஆருக்கு டாக்டரே?"

கணக்கர் எனக்குச் செய்ததை நான் இவளுக்குச் செய்துவிட்டதாக அவள் நினைத்தாள். இல்லை என்று சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது?

நல்லவேளை, நாகர்கோவில் போய்ச் சேர்ந்த பிறகுதான் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். தடுப்பூசிக்கு இரண்டு பஸ் மாறி அங்கேயே தூக்கிக்கொண்டு போகிறார்கள். எங்கள் வாசலில்தான் பஸ் ஏறுகிறார்கள். அக்கா உள்ளே திரும்பிப் பார்ப்பதில்லை.