ரெண்டு வருஷம் ஓடும்

மெக்கானிக்கிடம் காரை விடும்போதெல்லாம் ஒரு காரியம் செய்வேன். பேட்டரி, இன்ஜெக்டர், ஸ்டெப்னி எல்லாவற்றிலும் மனைவியின் நெயில் பாலிஷால் ஒரு ஓரத்தில் பொட்டு வைத்துவிடுவேன். நல்லதைக் கழற்றிக்கொண்டு ஓட்டையை மாட்டிவிட்டால்? "உங்க நிழலையே நம்ப மாட்டீங்க," என்பாள் அவள். இருக்கட்டுமே. இதுவரை எவனும் என்னை ஏமாற்றியதில்லை.

பதிமூன்று வருஷத்து டீசல் கார். வாரம் இரண்டு தடவை சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு அவளை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவது அதில்தான். போன மாதம் திரும்பி வரும் வழியில், பனவடலிசத்திரம் பக்கம், வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு நின்றுவிட்டது. ஊசி போட்ட கையை மடியில் வைத்தபடி வேகாத வெயிலில் அவள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

ராஜபாளையம் ரோட்டு மெக்கானிக் பானட்டைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இன்ஜின இறக்கணும் அண்ணாச்சி. இறக்கினாலும் எத்தன நாளைக்குன்னு உறுதி சொல்ல முடியாது. அக்காவ வச்சு ஓட்டுதீங்க, பேசாம வேற வண்டி பாருங்க."

அடேயப்பா, என்ன அக்கறை! ஷோரூமில் கமிஷன் பேசிவிட்டாரா, இல்லை என் வண்டியை அடிமாட்டு விலைக்கு அமுக்கப் பார்க்கிறாரா? எப்படியோ ஒப்பேற்றி வாசுதேவநல்லூர் வரை ஓட்டிப்போய் இன்னொருவரிடம் காட்டினேன். அவரும் அதையே சொன்னார். இரண்டு பேரும் போனில் பேசி வைத்திருப்பார்களோ என்று அதற்கும் ஒரு சந்தேகம்.

கடைசியில் புது வண்டியே வாங்கிவிடுவது என்று முடிவெடுத்து வீட்டிலும் சொன்னேன். இரண்டு நாள் கழித்து ராஜபாளையம் ரோட்டு மெக்கானிக்கே போன் செய்தார். "இன்ஜின் வேலையே பாத்திருவோம் அண்ணாச்சி. ரெண்டு வருஷம் கண்ண மூடிட்டு ஓட்டலாம்."

சுரீரென்றது. நேரே ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன்.

"என்னவே, போன வாரம் ஒரு பேச்சு, இந்த வாரம் ஒரு பேச்சு? யாரு உம்ம மனச மாத்துனது?"

அவர் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். ஆள் அகப்பட்டுவிட்டார் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட.

"அக்காதான் போன் பண்ணுனாங்க. உங்கட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. ரிப்பேர் பாத்தா எத்தன வருஷம் ஓடும்னு கேட்டாங்க. இழுத்துப் பிடிச்சா ரெண்டு வருஷம் ஓடும்னேன். 'எனக்கு அது போதும், அதுக்கு மேல உங்க அண்ணாச்சி பஸ்ஸுல போயிக்கிடுவாங்க, ரிப்பேரே போதும்னு நீங்களே அவுங்கட்ட சொல்லிருங்க'ன்னாங்க."

வீட்டுக்கு வந்து கத்தினேன். "ஏட்டி, உன் ஆயுசுக்கு மெக்கானிக்குட்டயா நாள் குறிச்சே?"

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "வீணா எதுக்குன்னுதான்," என்றாள்.

மறுநாள் அவளையும் ஷோரூமுக்கு இழுத்துக்கொண்டு போனேன். கூடுதல் பணம் கட்டி வாரண்டி வருஷத்தைக் கூட்டிப் போட்டுக்கொள்கிறீர்களா என்று கேட்டார் விற்பனைக்காரர். வழக்கமாக இந்தப் பேச்சு வந்தாலே எழுந்துவிடுவேன்.

"உள்ளதுலயே கூடுதல் வருஷம் எதுவோ, அதப் போடும்," என்றேன்.

அவள் என் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அங்கேயே அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.